பேக்கன் ஜாமுக்கு உடையார்பாளையத்துல ஒரு சொந்தக்காரன்

பேக்கன் ஜாம்னு ஒண்ணு இருக்கு மக்களே. ஜாம்னதும் பழம்னு நெனச்சுடாதீங்க. உப்புப் போட்டு, புகை காட்டி வச்ச பன்றிக்கறியைப் பொடிப்பொடியா நறுக்கி, வெங்காயத்தோட போட்டு, சர்க்கரையும் வினிகரும் கொஞ்சம் கறுப்புக் காப்பியும் ஊத்தி, தொக்கு பதத்துக்குச் சுண்டவைக்கிற சமாச்சாரம். அதை ரொட்டியில தடவித் தின்பாங்க. 2010ஐ ஒட்டின வருஷங்கள்ல அமெரிக்க சமையல் பக்கங்கள்ல இது பெரிய அலையா அடிச்சு, இப்போ பாட்டில்ல அடைச்சு விக்கற அளவுக்கு வந்தாச்சு.

இதை நம்ம ஆளுங்ககிட்ட சொன்னா ரெண்டே ரெண்டு பதில்தான் வரும். ஒண்ணு, "கறியில சர்க்கரையா, உவ்வே". ரெண்டாவது, கொஞ்சம் பெருமையா, "இதெல்லாம் நம்ம தமிழ்ப் பண்பாட்டுலயே கிடையாதுப்பா". முதல் பதில் நாக்கோட விஷயம், அதுல தலையிட முடியாது. ரெண்டாவது வரலாறு பத்தின விஷயம். அதைத்தான் இந்தப் பதிவுல கொஞ்சம் நோண்டிப் பாக்கப் போறேன். அதுவும் எங்க ஊர் உடையார்பாளையத்துலேர்ந்தே ஆரம்பிச்சு.

பன்றிக்கறி ஜாமுக்கும் உடையார்பாளையத்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேக்கறீங்களா? இருங்க, வர்றேன்.

உடையார்பாளையம் பெரிய பாளையமா, ஜமீனா இருந்த ஊர். 1995 வரைக்கும் திருச்சி மாவட்டம், அப்புறம் பெரம்பலூர், 2007லேர்ந்து நிரந்தரமா அரியலூர் மாவட்டம். (நடுவுல 2001ல அரியலூரைப் பிரிச்சு, 2002ல மறுபடி பெரம்பலூரோட ஒட்டவச்ச கூத்து தனிக்கதை.) அந்த ஜமீன்ல சமஸ்தான வித்துவானா இருந்தவர் கனம் கிருஷ்ணையர். அவருகிட்ட சங்கீதம் படிச்சவர் வேங்கடசுப்பையர். அந்த வேங்கடசுப்பையரோட பையன்தான் உ.வே.சாமிநாதையர். தமிழ்த்தாத்தாவோட குடும்பக் கதையில எங்க ஊருக்கு இப்படி ஒரு இடம் உண்டு. கனம் கிருஷ்ணையர் வரலாற்றைத் தாத்தாவே தனிப் புத்தகமா எழுதியிருக்கார்.

சரி, தாத்தா 1889ல என்ன செஞ்சார்? கும்பகோணம் கல்லூரியில தமிழாசிரியரா இருந்துகிட்டே, ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாத்து, பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோட அச்சுல கொண்டுவந்தார். அந்தப் பத்துல ஒண்ணு பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்கிட்ட பரிசு வாங்கிட்டு வர்ற ஒரு பாணன், வறுமையில இருக்கற இன்னொரு பாணனுக்கு வழி சொல்றான். இந்த வழியாப் போ, இந்த ஊர்ல இவங்க இருப்பாங்க, இன்னது சாப்பிடக் குடுப்பாங்கன்னு வரிசையா சொல்லிக்கிட்டே போறான். இன்னைக்கு யூட்யூப்ல ஊர் ஊராப் போய் சாப்பிடறாங்களே, அதோட கொள்ளுத்தாத்தா.

அந்தச் சாப்பாட்டு வரிசையில மூணே மூணு இலையை மட்டும் பாப்போம்.

முதல்ல எயினர் குடியிருப்பு. வறண்ட நிலம். அங்க எறும்புப் புத்துலேர்ந்து தோண்டி எடுத்த புல்லரிசியைக் குத்தி, உப்புக்கண்டம் சேத்துச் சமைச்சுத் தருவாங்களாம். அந்தக் காய்ஞ்ச கறிக்குப் பாட்டுல இருக்கற பேரு வாடூன். வாடின ஊன். எவ்ளோ நேரான சொல் பாருங்க! ரெண்டாவது, வேதம் ஓதற அந்தணர் வீடு. அங்க அரிசிச்சோறு, வெண்ணெயில வெந்த மாதுளங்காய், அதுல மிளகும் கறிவேப்பிலையும். கூடவே மாவடு ஊறுகாய். மூணாவது, கடற்கரைப் பட்டினம். அங்க ஆண் பன்றியைப் பெட்டைங்க பக்கமே விடாம, குழியில நிறுத்தி, நெல்லு மாவைத் தின்னக் குடுத்துப் பல நாள் கொழுக்கவச்சு, அந்தக் கொழுத்த கறியைக் கள்ளோட குடுப்பாங்களாம்.

இதைக் கொஞ்சம் நின்னு கவனிக்கணும். ஏதோ காட்டுல வேட்டையாடிக் கொண்டுவந்த பன்றி இல்ல இது. திட்டம் போட்டு வளர்த்த பன்றி. ஓடியாட விடாம, தானியம் குடுத்து, கொழுப்புக்காகவே வளர்க்கறது. இன்னைக்கு வெளிநாட்டுப் பண்ணைக்காரர்கிட்ட கேட்டாலும் நல்ல பேக்கனுக்கு இதே மாதிரி வழிதான் சொல்வார். ஏறத்தாழ 1800 வருஷத்துக்கு முந்தின ஒரு தமிழ்க் கவிஞர், விருந்தோட உச்சத்துல வைக்கிற பண்டம் இது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. எயினர் வாடூன், அந்தணர் மாவடு, பட்டினத்துப் பன்றிக்கறி மூணும் ஒரே பாட்டுல, ஒரே வழியில, ஒண்ணுக்கொண்ணு ஒசத்தி தாழ்த்தி இல்லாம வருது. பாணன் எங்கேயும் மூக்கைச் சுளிக்கல. அதைவிட, 1889ல இதை அச்சுல ஏத்தினவர் ஆசாரமான சைவச் சாப்பாட்டுக் குடும்பத்துல பொறந்தவர். நினைச்சிருந்தா அந்தச் சில அடியைச் சத்தமில்லாம விட்டிருக்கலாம். ஏடு செல்லரிச்சுப் போச்சுன்னு சொன்னா யாரு கேக்கப் போறா? அவர் விடல. உள்ளது உள்ளபடி, உரையோட போட்டார். "நம்ம முன்னோர் இதெல்லாம் தொட்டதே இல்ல"ன்னு இன்னைக்கு யாராவது அடிச்சுவிட்டா, தாத்தா போட்ட புத்தகத்தை எடுத்து மேசையில வைக்க முடியுது பாருங்க, அதுக்குக் காரணம் அந்த நேர்மைதான். நிரலர்கள் பாஷையில சொன்னா, பழைய கமிட் எதையும் அழிக்காம ரெப்போவை ஒப்படைச்ச மனுஷன் :-)

இப்போ ஒரு நியாயமான கேள்வி வரும். கொழுத்த பன்றியும் இருந்துச்சு, கறியை உப்புப் போட்டுக் காயவைக்கிற வித்தையும் இருந்துச்சு. அப்புறம் ஏன் தமிழ்நாட்டுல பேக்கன் வரல?

என் ஊகம் இது. காரணம் சாமியும் இல்ல, சாதியும் இல்ல. முதல் காரணம் வெயில்.

பேக்கன் குளிர்காலத் தொழில். ஐரோப்பாவுல நவம்பர் 11, புனித மார்ட்டின் நாளை ஒட்டிப் பன்றி அறுக்கறது பழைய வழக்கம். பனி வரப்போகுது, பன்றிக்குத் தீனி கிடைக்காது, வெட்டி உப்புல போட்டுட்டா வசந்தம் வரைக்கும் கவலை இல்ல. பெரிய துண்டுக் கறியில உப்பு உள்ளே இறங்கப் பல நாள் ஆகும். அதுவரைக்கும் கறி கெடாம இருக்கணும்னா ஊரே ஃப்ரிட்ஜ் மாதிரி குளிரா இருக்கணும். இங்கிலாந்துல டிசம்பர் மாசம் அதை இலவசமா செஞ்சு குடுக்கும். உடையார்பாளையத்துச் சித்திரை செய்யுமா? உப்பு உள்ளே போறதுக்கு முன்னாடி புழு உள்ளே போயிடும்.

அதனால நம்ம பக்கம் எதிர்த்திசையில கண்டுபிடிச்சாங்க. பெரிய துண்டு வேணாம், மெல்லிசா வார் வாரா அறு. கொழுப்பு வேணாம், சதையா எடு. உப்பும் மஞ்சளும் தடவு. நூல்ல கோத்து வெயில்ல கட்டு. சாயங்காலம் உள்ளே எடுத்துவை, காலையில மறுபடி கட்டு. நாலஞ்சு நாள்ல சுக்கா காஞ்சு, தட்டினா கட்டைச் சத்தம் வரும். அதான் உப்புக்கண்டம். கொழுப்பைக் காயவைக்க முடியாது, வெயில்ல வச்சா காறிப்போய் நாத்தம் எடுக்கும். ஆகையால கொழுத்த பன்றியை அன்னைக்கே கள்ளோட காலி பண்ணு, கொழுப்பில்லாத ஆட்டுக்கறியைக் காயவச்சு ஆடி மாசத்துக்கு வை. பெரும்பாணாற்றுப்படையில பன்றிக்கறி புதுசாவும் வாடூன் காய்ஞ்சதாவும் தனித்தனியா வர்றதை இந்தக் கணக்கோட வச்சுப் பாத்தா எனக்குப் பொருத்தமாத்தான் படுது.

பேக்கனும் உப்புக்கண்டமும் ஆக ஒரே கேள்விக்கு ரெண்டு ஊர் எழுதின ரெண்டு விடை. கேள்வி என்னன்னா, கறியில இருக்கற தண்ணியைக் கிருமி குடிக்கறதுக்கு முன்னாடி நாம எப்படிப் பிடுங்கறது? உப்பு பிடுங்கும், வெயில் பிடுங்கும், புகை காயவைக்கறதோட கிருமியையும் விரட்டும். சர்க்கரையும் இதே வேலையைத்தான் செய்யும். பழ ஜாம் கெடாம இருக்கறதுக்கு மூல காரணம் அதுல இருக்கற சர்க்கரையும் புளிப்பும்தான்.

ஒரு கொசுறு. பேக்கன் அந்த ரோஸ் நிறத்துல இருக்கறதுக்குக் காரணம் வெடியுப்பு வகையறா. 17, 18ஆம் நூற்றாண்டுகள்ல ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலா வெடியுப்பு போனது நம்ம பீகார்லேர்ந்து. பெரும்பகுதி துப்பாக்கி மருந்துக்கு. ஆனா அங்கே கறி பதப்படுத்தறவங்களும் வெடியுப்பைத்தான் நம்பியிருந்தாங்க. வெள்ளைக்காரன் காலைச் சாப்பாட்டுத் தட்டு முழுக்க வெள்ளைக்காரனுது இல்ல :-)

சரி, உப்புக்கறி கிடைச்சாச்சு. அதுல இனிப்பு எங்கே எப்போ சேந்துச்சு?

கரும்பு நமக்குப் புதுசில்ல. அதியமானோட முன்னோர் கரும்பைக் கொண்டுவந்த கதையைப் புறநானூற்றுல ஔவையார் சொல்றார். வெங்காயத்துக்கும் பஞ்சமில்ல. பெரம்பலூர் பக்கம் செட்டிகுளம் சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன இடம். ஆனாலும் உப்புக்கண்டத்துல வெல்லம் போட்டு எங்க பக்கம் யாரும் சமைச்சு நான் பாத்ததில்ல. அந்தக் கல்யாணம் நடந்தது கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையில. மாப்பிள்ளை பேரு சீனிச்சம்பல்.

யாழ்ப்பாணத்து நண்பர்கள் இருந்தா கேட்டுப் பாருங்க, கண்ணு கலங்கும். வெங்காயத்தை மெல்லிசா அரிஞ்சு, சின்ன தீயில அரை மணி நேரத்துக்கு மேல வதக்கி, செத்தல் மிளகாய், புளி, பட்டை, ஏலக்காய், கறிவேப்பிலை, இடிச்ச மாசி, கடைசியா சீனி. பாணுக்கு உள்ளே வச்சுத் தின்பாங்க. பேக்கரியில சீனிச்சம்பல் பணிஸ்னே உண்டு. இப்போ பேக்கன் ஜாமோட பக்கத்துல வச்சுப் பாருங்க. அங்கேயும் வெங்காயம், இங்கேயும் வெங்காயம். அங்கே பழுப்புச் சர்க்கரை, இங்கே சீனி. அங்கே வினிகர், இங்கே புளி. அங்கே உப்பும் புகையும் ஏறின பன்றி, இங்கே உப்பும் புகையும் ஏறின மீன். இன்டர்ஃபேஸ் ஒண்ணுதான், இம்ப்ளிமெண்டேஷன் மட்டும் வேற. ரொட்டியில தடவறது கூட அப்படியே!

அந்த மாசி எங்கேர்ந்து வருது? மாலத்தீவு. சூரை மீனை அறுத்து, உப்புத்தண்ணியில வேகவச்சு, புகை காட்டி, வெயில்ல கட்டையாட்டம் காயவைக்கறது. அந்த ஊர் மொழியில மஸ்னா மீன், நம்ம வாயில மாசி ஆச்சு. 1343-44ல மாலத்தீவுல காஜியா இருந்த இபின் பதூதா இதை விவரமா எழுதி வச்சிருக்கார். மீனை நாலா வெட்டி, லேசா வேகவச்சு, ஓலைக்கூடையில போட்டுப் புகையில தொங்கவிடுவாங்க, அது இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதி ஆகுதுன்னு சொல்றார். அதே மனுஷன் அப்புறம் மதுரை சுல்தானைப் பாக்கவும் வந்தார். இன்னைக்கு லட்சத்தீவு மினிக்காய்லயும் நம்ம தூத்துக்குடியிலயும்கூட மாசி போடறாங்க.

மாலத்தீவுன்னதும் மறுபடி எங்க ஊருக்கே வந்துடறேன். உடையார்பாளையம் வட்டத்துலதான் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கு. அதைக் கட்டின ராஜேந்திரனோட அப்பா ராஜராஜன், தன் கடைசிக்கால மெய்க்கீர்த்தியில, கடல்ல இருக்கற பன்னிரண்டாயிரம் பழந்தீவுகளை ஜெயிச்சதா சொல்லிக்கறார். ராஜேந்திரனோட மெய்க்கீர்த்தியிலயும் பழந்தீவுகள் வருது. வரலாற்று அறிஞர்கள் பெரும்பாலும் அதை மாலத்தீவுன்னுதான் எடுத்துக்கறாங்க. சோழன் மாசிக்காகத்தான் படையெடுத்தான்னு நான் கதை கட்ட வரல (கட்டினா வாட்ஸப்புல நல்லா ஓடும்!). கடல்வழி இருந்துச்சு, இந்தக் கரைக்கும் அந்தத் தீவுக்கும் போக்குவரத்து இருந்துச்சு, அவ்ளோதான் சொல்றேன்.

அப்போ சீனிச்சம்பல் சோழர் காலத்துப் பண்டமா? இல்லவே இல்ல. அதுல இருக்கற மிளகாய் அமெரிக்காவுல பொறந்தது. போர்த்துக்கீசியர் இலங்கைக்கு வந்தது 1505ல, மிளகாய் இந்தப் பக்கம் பரவினது அவங்க காலத்துல. அதுக்கு முந்தி நமக்குக் காரம்னா மிளகுதான். சம்பல்ங்கற சொல்லு மலாய் மொழி சம்பலோட உறவு. 1658ல யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச டச்சுக்காரங்க, ஜாவாவுலேர்ந்தும் சுத்துப்பட்ட தீவுகள்லேர்ந்தும் சிப்பாய்களையும், நாடுகடத்தின பிரபுக்களையும் இலங்கைக்குக் கொண்டுவந்தாங்க. அவங்களோட சமையல் அங்கே வேர் பிடிச்சுது. டச்சு வழி வந்த பறங்கியர் வாழையிலையில கட்டிச் சுடற லம்ப்ரைஸ் சோத்துலயும் சீனிச்சம்பல் ஒரு மூலையில உக்காந்திருக்கும். பாண்ங்கற சொல்லு போர்த்துக்கீசு. சீனிங்கற சொல்லுல சீனாவே இருக்கு.

ஒரு கரண்டி சம்பல். அதுல மாலத்தீவு, அமெரிக்கா, ஜாவா, போர்த்துக்கல், சீனா, கூடவே நம்ம வெங்காயமும் புளியும். இதுல எதை எடுத்துட்டா "சுத்தமான" தமிழ்ச் சாப்பாடு மிஞ்சும்? எல்லாத்தையும் எடுத்துட்டா மிஞ்சறது வெறும் சட்டிதான்.

நான் சொல்ல வந்தது இதுதான். "இது நம்முது இல்ல"ன்னு ஒரு பண்டத்தைத் தள்ளறதுக்கு முன்னாடி, அது எந்த வெயிலுக்கு, எந்தப் பசிக்கு, எந்தப் பயணத்துக்குச் செஞ்சதுன்னு பாக்கணும். பாத்தா பல சமயம் நம்ம வீட்டு உத்திரத்துலயே அதோட ஒண்ணுவிட்ட தம்பி நூல்ல தொங்கிக்கிட்டு இருப்பான். அதே நேரம், "எல்லாமே நம்மகிட்டேர்ந்துதான் போச்சு"ன்னு கிளம்பற கோஷ்டிக்கும் இங்கே இடமில்ல. சீனிச்சம்பல் தமிழர் உணவுதான், ஆனா நாலு கடல் சேந்து செஞ்ச உணவு.

இப்போ செய்முறை. இவ்ளோ பொறுமையாப் படிச்சவங்களை வெறும் வாயோட அனுப்பக்கூடாது.

பேக்கன் கால் கிலோ. பச்சைப் பன்றிக்கறியை வீட்டுலயே வெயில்ல காயவச்சு முயற்சி பண்ணாதீங்க, மேலே சொன்ன காரணம்தான், உடம்புக்கு ஆகாது. கடையில பதப்படுத்தினதையே வாங்குங்க. விரல்கடை அளவு நறுக்கி, எண்ணெய் ஊத்தாம சின்ன தீயில பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வறுத்தா கொழுப்பு உருகி வரும். கறியைத் தனியா எடுத்துட்டு, உருகினதுல ரெண்டு ஸ்பூன் மட்டும் சட்டியில விடுங்க. அதுல கால் கிலோ சின்ன வெங்காயம், அரிஞ்சது. இருபது நிமிஷம். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினா கருகும், இனிக்காது. வெங்காயம் தேன் நிறத்துக்கு வந்ததும் பொடிச்ச வெல்லம் மூணு ஸ்பூன், சின்ன நெல்லிக்காயளவு புளி கரைச்சது, மிளகுத்தூள் அரை ஸ்பூன், கால் டம்ளர் காப்பி டிகாக்ஷன். (சிக்கரி கலக்காத தூளா இருந்தா நல்லது.) கறியைத் திரும்பப் போட்டு, அரை மணி நேரம் அப்பப்போ கிண்டி, தொக்கு மாதிரி சுண்டினதும் இறக்கி, ஆறினப்புறம் மிக்ஸியில ரெண்டே சுத்து. உப்பு மட்டும் போடவே போடாதீங்க, பேக்கன்லயே வண்டி வண்டியா இருக்கு. ஜாம்ங்கற பேரை நம்பி வெளியே வச்சுடாதீங்க. பழ ஜாம்ல இருக்கற அளவு சர்க்கரையும் புளிப்பும் இதுல கிடையாது. ஃப்ரிட்ஜ்ல வச்சு ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுடணும்.

பன்றி வேணாம்னு நினைக்கறவங்க உப்புக்கண்டத்துல செய்யலாம். கொதிக்கற தண்ணியில பத்து நிமிஷம் ஊறவச்சு, பிழிஞ்சு, அம்மியிலயோ உரல்லயோ நார் நாரா நசுக்கி, நல்லெண்ணெய் தாராளமா ஊத்தி வறுத்துக்கணும். உருகிவர அதுல கொழுப்பு இல்லையே, அந்த வேலையை நல்லெண்ணெய் பாத்துக்கும். மத்ததெல்லாம் அதேதான். நான் செஞ்சு பாத்தேன். கம்பு தோசைக்கு அப்படி ஒரு ஜோடி. ருசியில பேக்கன் மாதிரி இருக்காது, புகை வாசனை கிடையாது. வெயில் வாசனை உண்டு. மீன் பிரியர்கள் மாசியை இடிச்சுப் போட்டா நேரா யாழ்ப்பாணத்துக்கே போயிடலாம்.

கடைசியா ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை தவறாம கறிக்கடை தொறக்குது, வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வந்தாச்சு. உப்புக்கண்டம் போடவேண்டிய அவசியமே இப்போ இல்ல. அவசியம் போனா கொஞ்ச நாள்ல கைப்பக்குவமும் போயிடும். கறியை நாருக்கு எந்தப் பக்கமா அறுக்கணும், எத்தனை கை உப்பு, மேகம் போட்டா என்ன செய்யணும், சட்டிக்குள்ள வண்டு வராம எப்படிக் கட்டணும், இதெல்லாம் எந்த ஏட்டுலயும் இல்ல. நம்ம அப்பாயி, அம்மாச்சி கையில மட்டும்தான் இருக்கு. அச்சுல ஏத்த இன்னொரு தாத்தா வரமாட்டார். உங்க வீட்டுல யாருக்காவது தெரிஞ்சா இந்த வாரமே கேட்டு, அவங்க சொன்ன பேச்சுலயே ஒரு பதிவு போடுங்க. ஊர் பேரோட போடுங்க. அங்கே நான் வந்து முதல் பின்னூட்டம் போடறேன்.